என் தம்பியின் ஹ்யூமரில் கோளாறு

மார்ச் 3, 1997
பந்திர்மா

காலையில் மான்செஸ்டரிலிருந்து தம்பி மகளின் போன். எல்வான் "அத்தை, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டு முடிப்பதற்குள் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் ராபின் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டான். பெண் கேட்க வரும்போது என் தம்பி ஷஹாபிடம் துருக்கிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமாம். "உங்களுக்கு நல்ல ஹ்யூமர் உண்டு என்று எல்வான் சொன்னாள்." அந்த ஹ்யூமருக்கு நம் பாஷையில் என்ன?

காலமெல்லாம் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்துப் பார்த்தேன்.

மிஸாஹ் என்று சொல்லலாம். ஆனால் அது பத்திரிகைக்காரர்களின் வார்த்தை. கேலிச்சித்திரம் போடுகிறவனுக்கு மிஸாஹ் இருக்கலாம், முடி வெட்டுகிறவனுக்கு ஏது? ஷகா என்றால் வெறும் விளையாட்டுப் பேச்சு. எஸ்ப்ரி பிரெஞ்சுக்காரனிடம் இரவல் வாங்கியது. ஷஹாபிடம் இருப்பது இதில் எதுவும் இல்லை. அவன் பெண்டாட்டி நெபாஹத் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் "சுலு". நீர்த்துப்போனவன். குழம்பில் தண்ணீர் கூடிப்போன மாதிரி வேடிக்கை கூடிப்போனவன். இதை ராபினுக்குச் சொல்லிக்கொடுத்தால் கல்யாணம் நடந்த மாதிரிதான்.

"மிஸாஹ்னே சொல்லுப்பா" என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் அது "மிஸாச்" ஆகிவிட்டது. மிஸாச் என்றால் மனுஷனின் சுபாவம். "உங்களுக்கு நல்ல சுபாவம்" — பொய்தான். ஆனால் விருந்தாளி சொல்லக்கூடிய பொய். திருத்தவில்லை.

மார்ச் 9

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஹய்ரி, ஷஹாபின் முடிவெட்டும் கடையிலிருந்து அரை மீசையோடு வெளியே வந்தார். தெருவே சிரித்தது. ஷஹாப் வாசலில் நின்றுகொண்டு, "மீதிய அடுத்த வாரம் எடுக்கிறேன், தவணை முறை!" என்று கத்துகிறான். ஹய்ரியும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் மீதியையும் எடுத்துக்கொண்டார். மீசை இல்லாத ஹய்ரியைப் பார்த்தால் உரித்த முட்டை ஞாபகம் வருகிறது.

நெபாஹத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "போன மாசம் ஹெட்மாஸ்டரோட கிருதாவ இதே மாதிரி பண்ணினார், அண்ணி. வயசுக்கேத்த புத்தி வேணாமா?"

மார்ச் 15

ஷஹாப் என் வீட்டு நிலைப்படியில் இடித்துக்கொண்டு, நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டான். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல்.

மார்ச் 22, சனி

எப்படி எழுதுவேன்? கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

எல்வான் முந்தின நாளே வந்துவிட்டாள். மற்றவர்கள் மத்தியானக் கப்பலில் வந்தார்கள். ராபினும் அவன் அப்பா லெனர்ட் பிம்மும். பிம் நெட்டையான மனுஷர், மனைவியை இழந்தவர். டாக்டர் என்று தெரியும். என்ன டாக்டர் என்று யார் கேட்டார்கள்? டாக்டர் என்ற ஒரு சொல்லே நெபாஹத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஷஹாப் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தது. பிம் கையை நீட்டினார். ஷஹாப் அந்தக் கையைத் தாண்டிப்போய் ராபினைக் கட்டிக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். பிம் சிரிக்கவில்லை. நீட்டிய கையையும் ஷஹாபையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஷஹாப் வரவேற்பு வழக்கப்படி கொலோன் வாசனைத் தண்ணீர் பாட்டிலை எடுத்து விருந்தாளியின் கையில் ஊற்றுகிறேன் என்று தொடையில் ஊற்றினான். "பாதைய விட்டு விலகிட்டேன், துறைமுகம் அங்க இருக்கா?" என்றான். அதற்கும் சிரித்தோம். பிம் ஈரக் கால்சட்டையோடு, ஏதோ பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷஹாப் என் காதில், "என்ன அக்கா இது, ஐஸ் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்தாங்களா இந்த ஆள?" என்றான். கடைக்கு வருகிறவன் சிரிக்காமல் திரும்பிப் போனால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எல்வான் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும், அவன் பொறுமையைச் சோதிக்க, வழக்கப்படி உப்பு. வழக்கத்தையும் மீறி உப்பு என்று பின்னால் தெரிந்தது. ராபின் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தான். எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது. பிம் எழுந்து நின்று, மனப்பாடம் பண்ணிய துருக்கிய வார்த்தைகளில் முறைப்படி பெண் கேட்டார். ஷஹாப் "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்தான். எல்வானைத் தவிக்கவிட வேண்டுமே! அவள் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

அப்போதுதான் பிம் என் பக்கம் சாய்ந்தார். வெளியே கப்பல் ஊதியது, உள்ளே நெபாஹத் பாத்திரங்களை உருட்டினாள். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "உங்கள் தம்பியின் ஹ்யூமரில் ஏதோ கோளாறு. அது வடிவதில்லை. அழுத்தம் கூடியிருக்கிறது. உடனே கவனிக்க வேண்டும்."

என் தம்பியின் ஹ்யூமரா! அதைப் பற்றி நான் சொல்லலாம், நெபாஹத் சொல்லலாம். மீசையை இழந்த ஹய்ரிகூடச் சொல்லலாம். கப்பலை விட்டு இறங்கி ஒரு காபி குடிப்பதற்குள் இவர் சொல்வதா?

"என்ன அக்கா ரகசியம்?" என்றான் ஷஹாப்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் சனியன். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதுதானே என் வேலை? உண்மையைச் சொன்னால், யாராவது ஒருத்தர் அவனிடம் அதைச் சொல்லிவிட்டார்களே என்று ஒரு குறும்புச் சந்தோஷமும் உள்ளே இருந்தது.

"உன் மிஸாஹ்ல ஏதோ கோளாறாம். கொஞ்சம் வடியணுமாம். எல்லாரையும் போட்டு அழுத்துதாம்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

"என் வீட்டுக் காபியக் குடிச்சிட்டு என்னையே கிண்டலா? எழுந்திரிக்கச் சொல்லு. பொண்ணு கிடையாது."

"ஏங்க!" என்றாள் நெபாஹத்.

"கிடையாதுன்னா கிடையாது!"

என்ன நடக்கிறதென்று புரியாத ராபின், இதுதான் நேரம் என்று நினைத்தானோ என்னவோ, எழுந்து நின்று மார்பில் கை வைத்து, தெளிவாகச் சொன்னான்: "உங்களுக்கு நல்ல சுபாவம் உண்டு என்று எல்வான் சொன்னாள்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். அல்லா மன்னிக்கட்டும்.

மார்ச் 23

விடிந்ததும் எல்வான் வந்து கதவைத் தட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அத்தை, அவர் என்ன சொன்னார்? இங்கிலீஷ்லயே சொல்லுங்க, வார்த்தைக்கு வார்த்தை."

சொன்னேன்.

"வடியலைன்னா என்ன அர்த்தம்? ஜோக்கு எப்படி வடியும்? அவர் கண் டாக்டர் அத்தை. அப்பாவோட ஜோக்கப் பத்தி அவருக்கென்ன கவலை?"

கண் டாக்டர்.

பெரிய அகராதியை இறக்கினேன். கண்ணாடி மூக்கிலேயே இருக்க, அதை வீடெல்லாம் தேடினேன். ஹ்யூமர் — வேடிக்கை. அது தெரியும். மனநிலை. அதுவும் தெரியும். ஒருவர் போக்கிலேயே விட்டுப்பிடிப்பது. அதைப் பத்தாம் வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். "அவன் தண்ணியோட போறது"ன்னு நாம சொல்றதுதான் என்று பலகையில் எழுதிக்கூடப் போட்டிருக்கிறேன். அதற்கும் கீழே, பொடி எழுத்தில்: பழைய வைத்தியத்தில் உடம்பின் நீர்கள். கடைசி வரியில்: கண்ணுக்குள் இருக்கும் நீர்.

கண்ணுக்குள் நீர். வடிய வழியில்லை. அழுத்தம்.

கரசு. கருந்தண்ணீர். க்ளாகோமா என்ற கண் நோய்க்கு நாங்கள் சொல்லும் பெயர். எங்கள் அப்பாவின் கண்களைக் கொண்டுபோனதும் அதுதான்.

அரை மீசை. கிருதா. நிலைப்படி. நீட்டின கை. நான் என்ன பொம்பள! வருஷம் முழுக்கப் பக்கத்துல இருந்து கைதட்டிச் சிரிச்சேனே, ஒரு தடவையாவது தோணிச்சா எனக்கு?

வீட்டுச் செருப்போடு ஓட்டலுக்கு ஓடினேன். பிம் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே "எந்த ஹ்யூமர்? எந்த ஹ்யூமர்?" என்று கத்தியதைப் பார்த்து வரவேற்பறைக்காரன் பயந்துபோனான். பிம் மெல்லக் கேட்டார்: "நேற்று நீங்கள் வேறு ஹ்யூமரையா அவரிடம் சொன்னீர்கள்?"

தலையாட்டினேன். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "அதிலும் கோளாறு இருக்கலாம். அது என் துறை இல்லை" என்றார். சிரிக்காத மனுஷர் என்று நினைத்திருந்தேனே! சிரிக்காமலே சிரிக்க வைக்கிற ஜாதி.

ஞாயிறு, கடைக்கு விடுமுறை. ஆனால் கோபம் வந்தால் ஷஹாப் கடைக்குள் உட்கார்ந்து கத்தி தீட்டுவான். நானும் பிம்மும் போனபோது தீட்டிக்கொண்டுதான் இருந்தான். பிம் நேரே போய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மோவாயை நிமிர்த்தினார்.

"ஷேவ் பண்ணணுமாம்" என்றேன்.

"இவருக்கா? பண்றேன். தாராளமா பண்றேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சோப்பு நுரையைக் காதுவரை பூசினான். கத்தியைக் கையில் எடுத்தபோது பிம் ஒரு விரலை உயர்த்தினார்.

"ஒரு நிபந்தனையாம். அவர் மூக்கையே பாத்துக்கிட்டு, கையில எத்தனை விரல்னு நீ சொல்லணுமாம்."

"என்ன அக்கா, சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"நீ விளையாடாததா? கொஞ்ச நேரம் அவர் தண்ணியோட போயேன்."

ஷஹாப் குனிந்து மூக்கைப் பார்த்தான். பிம் ஒரு கையைப் பக்கவாட்டில் உயர்த்தினார்.

"எல்லா மனுஷனுக்கும் அஞ்சு விரல்தான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் குரல் மாறியது. "தூக்கச் சொல்லு. கையத் தூக்கினாத்தானே சொல்ல முடியும்."

கை அவன் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, சற்று முன்னால் இருந்தது. பிம் விரல்களை ஆட்டினார். ஷஹாப் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்கியாச்சு தம்பி" என்றேன்.

கத்தியை மடித்து வைத்தான். காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்தான். முழங்கால் பெஞ்சில் இடித்தது. இந்தத் தடவை பெஞ்சிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

"ஒரு வருஷமா, அக்கா. ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டே வருது. அப்பா கடைசியில சுவரப் பிடிச்சிக்கிட்டு நடந்தாரே. தெருவே பாவம், பாவம்னு சொல்லிச்சு. எனக்கு அந்தப் பாவம் வேணாம். இடிச்சிக்கிட்டா, கோமாளித்தனம்னு சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். எல்வான் கல்யாணம் மட்டும் முடியட்டும்னு…"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பிம் சொன்னதையும் அப்படியே சொன்னேன். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து, தேவைப்பட்டால் அறுவை. ஒரு மாதமும் தள்ளக்கூடாது.

"அப்பாவுக்கு யாரும் இதச் சொல்லல" என்றான் ஷஹாப்.

பிம் முகத்தில் நுரை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. "இப்போது என்னை யார் ஷேவ் செய்வது?" என்று கேட்டார்.

நெபாஹத் எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ! வாசலில் நின்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கத்தியை எடுத்தாள்.

"நகருங்க. மாமனாருக்குக் கண் போனதுல இருந்து சாகிறவரைக்கும் நான்தானே ஷேவ் பண்ணிவிட்டேன்."

ஒரு கீறல் இல்லாமல் முடித்தாள். ஷஹாப் பெஞ்சிலிருந்து, "பொண்ண எடுத்துக்கச் சொல்லு, அக்கா. ஆனா பெண்டாட்டியத் தரமாட்டேன்னும் சொல்லு" என்றான்.

அதையும் மொழிபெயர்த்தேன். பிம் வாய்விட்டுச் சிரித்தார்.

மார்ச் 24

எல்வான் கையில் மோதிரம். அகராதியை மறுபடி மேலே ஏற்றவில்லை. மேஜையிலேயே கிடக்கட்டும்.

ஏப்ரல் 17

பர்சா நகரத்தில் ஷஹாபுக்கு அறுவை முடிந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. நர்ஸிடம் "நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க" என்றானாம். அந்த நர்ஸ் மீசைக்கார ஆண் பிள்ளை. தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? நெபாஹத் கேட்டும் சொல்ல மறுக்கிறான்.

ஜூன் 30

கல்யாணம் முடிந்தது. ஆடி ஆடிக் கால் வலி. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 2

எழுதவில்லை. இன்னும் கால் வலி.

அக்டோபர் 11

கடைப்பலகையில் ஷஹாபின் பெயர்தான் இருக்கிறது. வெட்டுவதும் மழிப்பதும் நெபாஹத். முதல் மாதம் ஆண்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். இப்போது சனிக்கிழமைகளில் இடம் கிடைப்பதில்லை. ஷஹாப் பெஞ்சில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறான். வேளை தவறாமல் மருந்தை அவனே விட்டுக்கொள்கிறான். நடுவில் இருப்பது நன்றாகத் தெரிகிறதாம். ஓரங்கள் போனவை போனவைதான்.

இன்று நான் அங்கே இருந்தபோது, சோப்பு பூசிய ஒரு லாரிக்காரரிடம் நெபாஹத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அந்த ஆள் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. ஷஹாபின் முகத்தைப் பார்த்தேன். பொறாமை!

சாயந்திரம் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் என் ஜன்னலுக்குக் கீழே போனார்கள். படி இறங்கும் இடத்தில் அவன் நின்று, தெருவில் எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

"அந்த லாரிக்காரர்கிட்ட சொன்ன கதை என்னோடது."

"உங்களோடதுல ஆடு. நான் கழுதைன்னு மாத்தினேன். அதனாலதான் சிரிச்சார்."

தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தது, ஆடா கழுதையா என்ற சண்டை.