ஈரத் தரை

சங்கராபுரம்
24.01.2026, சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு, வள்ளி எழுதுவது.

இங்கே நான், நம் பெண் அபிநயா, உங்கள் அப்பா எல்லோரும் நலம். நீங்கள் விட்டுப் போன நாயும் ரொம்ப நலம். அது நலமாக இருப்பதால்தான் எங்கள் பாடு திண்டாட்டமாக இருக்கிறது.

போனில் சொல்லலாம்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் உங்களுக்கு டவர் கிடைக்கும். சுற்றிலும் உங்கள் பள்ளிக்கூட விடுதிப் பிள்ளைகள் நிற்பார்கள். நாய் மூத்திரத்தைப் பற்றி நான் கத்த, நீங்கள் கத்த, மலை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் மலை பஸ் கண்டக்டர் பிரவீன்குமாரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது அழுக்குத் துணி ஒரு பை, தேன் ஒரு பாட்டில், கூடவே ஒரு நாயோடு வந்து இறங்கினீர்கள். ஒரு வாரத்துக்கு முன் மலைப்பாதை வளைவில் காலில் காயத் தழும்போடு கிடந்தது, தூக்கி வந்தேன் என்றீர்கள். பாவமாக இருந்தது, சரி என்றேன். நீங்கள் இங்கே இருந்த நாட்களில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விடவில்லை. திங்கட்கிழமை நீங்கள் பஸ் ஏறினீர்கள், அன்று மத்தியானமே கூடத்தில் ஆரம்பித்துவிட்டது.

பால் சொசைட்டியிலிருந்து வந்ததும் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் முருங்கை மரத்தடியில் அரைமணி நேரம் நிற்கிறேன். மோப்பம் பிடிக்கிறது, என் முகத்தைப் பார்க்கிறது, சும்மா நிற்கிறது. உள்ளே வந்ததும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. நானும் தண்ணீர் ஊற்றி, பினாயில் போட்டுக் கழுவுகிறேன். கழுவிய இடத்திலேயே மறுபடியும் போகிறது. நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். தரை காய்வதற்குள் கூடம், சமையலறை வாசல், சாமி அலமாரிக்கு முன்னால் என்று மூன்று இடம். உங்கள் அப்பா வழுக்கி விழப் பார்த்தார், நல்லவேளை கதவைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, நீ கழுவிக்கினே போற, அது பின்னாலயே தெளிச்சிக்கினு வருது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிப்ரவரி முடியும்வரைதான் பார்ப்பாராம். அதற்குள் திருந்தாவிட்டால் களமருதூரில் அவர் தங்கை வீட்டு நெல் களத்தில் கட்டிப்போட அனுப்பிவிடுவாராம். அபி அழுகிறாள். அவள் பிஸ்கட் என்று பெயர் வைத்திருக்கிறாள், அந்தப் பெயருக்கு அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என்ன செய்வதென்று எழுதுங்கள். மே மாதக் கலந்தாய்வில் இடமாறுதல் கேட்பதையும் மறக்காதீர்கள். போன வருஷம் நம் பக்கம் காலியிடமே இல்லை என்றீர்கள். இந்த வருஷமாவது பார்ப்போம். அங்கே தனியாக என்ன சமைத்து என்ன சாப்பிடுகிறீர்களோ.

உங்கள்
வள்ளி

—

கல்வராயன் மலை
28.01.2026

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. அப்பாவுக்கு அடி ஒன்றும் இல்லையே? முழங்காலைத் தடவிப் பார்க்கச் சொல், வலித்தாலும் சொல்ல மாட்டார்.

நாயை அடிக்காதே. மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்க்கவும் வேண்டாம், அபியையும் செய்யவிடாதே. அதற்கு அது தப்பென்று தெரியாது. பயந்துபோனால் ஒளிந்து ஒளிந்து போகும்.

ஒன்று தோன்றுகிறது, செய்து பார். காலையில் குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, அரை வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்று. நீ உள்ளே போகாதே, வெளியில் சற்றுத் தள்ளி நின்று நாக்கை இரண்டு தரம் தட்டு. அவசரப்படுத்தாதே. ஒருவேளை போகலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தரம், படுக்கப் போகும் முன் ஒரு தரம் செய். போய் முடித்ததும் டீக்கடைப் பொறை ரொட்டி ஒரு துண்டு கொடு. பாலில் நனைத்துக் கொடுத்தால் இன்னும் பிடிக்கும்.

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல், நெல் களத்துக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். சங்கிலியில் கிடந்தால் செத்துப் போய்விடும்.

இங்கே பனி கடுமை. காலையில் குழாயைத் தொட முடியவில்லை. பிள்ளைகளுக்கு இருமல். புதுத் தலைமையாசிரியர் எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுகிறார். விடுதிப் பொறுப்பும் என் தலையில் இருப்பதால் அடுத்த மாதம் வர முடியுமா தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் குவார்ட்டர்ஸில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நேற்று ரசம் வைத்தேன், உப்பு ஜாஸ்தி.

அபிக்கு முத்தம்.

அறிவுச்செல்வன்

—

சங்கராபுரம்
03.02.2026, செவ்வாய்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னது பலித்தது. ஒருவேளை போகலாம் என்று எழுதினீர்கள், ஒரு நொடிகூட ஆகவில்லை. வாளித் தண்ணீர் தரையில் விழுந்த சத்தம் கேட்டதுமே கொல்லையிலிருந்து ஓடி வந்தது. நான் நாக்கைத் தட்டினேன், ஓரமாகப் போய்ச் சாக்கடைத் துளைக்குப் பக்கத்தில் அழகாக உட்கார்ந்தது. முடித்துவிட்டு வெளியே வந்து என் கையைப் பார்த்தது, பொறைக்காக. அபி கைதட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். உங்கள் அப்பா அந்தக் குளியலறையில்தானே குளித்துவிட்டு வந்து விளக்கேற்றுகிறார். "நான் குளிக்கிற இடத்துல அதுவா, அது போற இடத்துல நானா?" என்று கேட்டார். அவர் கேட்பதில் தப்பில்லை. அதனால் நானே ஒரு வழி செய்தேன். மாட்டுத் தொட்டி உடைந்தபோது மிஞ்சிய சிமெண்டுப் பலகை ஒன்று கிடந்ததே, அதை இழுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் போட்டேன். அதன்மேல் அரை வாளித் தண்ணீர் ஊற்றி நாக்கைத் தட்டினேன். முதல் நாள் சுற்றிச் சுற்றி வந்தது, குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றது. இரண்டாம் நாள் பலகையில் ஏறிவிட்டது. இனி தினமும் ஒரு கை மண்ணைப் பலகைமேல் தூவப்போகிறேன். நாளுக்கு நாள் மண்ணைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, கடைசியில் பலகையை உருவிவிடலாம் என்று கணக்கு. வீடு கழுவுவதையும் நிறுத்திவிட்டேன். ஈரத் துணியைப் பிழிந்து துடைப்பதோடு சரி. இத்தனை நாளும் நான்தான் தண்ணீர் ஊற்றி ஊற்றி, வா வந்து போ என்று அதைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போது வேறு ஒரு விஷயம். ஊசி போடக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனேன். காலில் இருப்பது பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி அறுத்த காயமாம். ஆறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று டாக்டர் சொன்னார். ரோட்டில் திரிந்த நாய்க்கு வாளிச் சத்தம் தெரியாது. யாரோ சிமெண்டுத் தரை போட்ட வீட்டில் வைத்து, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி, பொறை கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு வளைவில் விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ.

அதைவிட ஒன்று எனக்கு விளங்கவில்லை. குளியலறை, அரை வாளி, நாக்கு இரண்டு தரம், பாலில் நனைத்த பொறை. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

உங்கள்
வள்ளி

—

கல்வராயன் மலை
07.02.2026

அன்புள்ள வள்ளி,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். வளர்த்தது நான்தான்.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில், விடுதிக்குப் பின்னால் உள்ள சரிவில் கண்ணியில் மாட்டிக் கத்திக்கொண்டிருந்தது. கைக்குள் அடங்கும் குட்டி. குவார்ட்டர்ஸுக்கு எடுத்து வந்து மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஒரு வாரத்தில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதன் நிறத்தைப் பார்த்து சாமை என்று பெயர் வைத்தேன். இங்கே சுற்றிலும் புதர், அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு. இருட்டில் வெளியே விடப் பயந்துகொண்டு குளியலறையில் பழக்கினேன். அதுவே அதற்கு வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்கு வந்தபோதும் நீ பாலுக்குப் போன நேரத்தில் நான்தான் குளியலறைக்குக் கூட்டிப் போய் வந்தேன். உன் தரையில் அது போனதற்கெல்லாம் நான்தான் காரணம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். முதலில், நாய் வளர்க்க நேரமிருக்கிறது, வீட்டுக்கு வர நேரமில்லையா என்று திட்டுவாய் என்று சொல்லவில்லை. பிறகு வேறு காரணம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதெல்லாம், பாவம், தனியாக இருக்கிறீர்களே என்பாய். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. சாமை இருப்பது தெரிந்தால் நான் தனியாக இல்லை என்று ஆகிவிடும். நீ அப்படிச் சொல்வது நின்றுவிடும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் நிஜம்.

தை பிறப்பதற்கு முன் தலைமையாசிரியர் விடுதி வளாகத்தில் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான், பிள்ளைகள் இருக்கும் இடம். வேறு வழியில்லாமல் உன்னிடம் ஒரு கதை சொல்லி விட்டுவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதற்கு மதிப்பில்லை. போன மே மாதக் கலந்தாய்வில் சங்கராபுரத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாய்க்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாய்க்காக மட்டும் இல்லை. இங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை, அது பழகிவிட்டது.

சாமையைக் களமருதூருக்கு மட்டும் அனுப்பிவிடாதே. என்மேல் உள்ள கோபத்தை அதனிடம் காட்டாதே.

அறிவுச்செல்வன்

—

கல்வராயன் மலை
16.02.2026

வள்ளி,

ஒன்பது நாள் ஆகிவிட்டது. பஸ் வரும்போதெல்லாம் போய் நிற்கிறேன். பிரவீன்குமார் என்னைப் பார்த்ததுமே கையை விரிக்கிறான். நேற்று தொட்டி மேட்டில் ஏறி நாலு தரம் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அபி எடுத்து, அம்மா வேலையா இருக்காங்க என்று வைத்துவிட்டாள்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அறிவு

—

சங்கராபுரம்
21.02.2026, சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

நாய்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே தவிக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் பார்த்து சாமை என்று ஒரு தரம் கூப்பிட்டேன். எழுந்து நாலுகால் பாய்ச்சலில் வந்து என் மடியில் தலையை வைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரமாக இந்த வீட்டில் அதைச் சரியான பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

கோபத்தில் இரண்டு நாள் மண் தூவவில்லை. அப்புறம், பாவம், அது என்ன தப்பு செய்தது என்று மறுபடியும் ஆரம்பித்தேன். போன திங்கட்கிழமை பலகையை உருவினேன். வெறும் மண்ணில் நின்று என்னைப் பார்த்தது. நாக்கைத் தட்டினேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. நேற்று வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பழையபடி வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஈரத் தரையில் நடந்து, பின்வாசல் தாண்டி, மரத்தடிக்குப் போய்விட்டது. உங்கள் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். களமருதூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது நம் விஷயம். நாய் வளர்த்ததற்கு எனக்குக் கோபமில்லை. குட்டிக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய மனசு உங்களுக்கு இருக்கிறது என்பது எனக்கு நல்ல செய்திதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் போனை வைத்த பிறகு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் அங்கே ஒண்டியாக உப்புக் கரிக்கும் ரசத்தைக் குடிப்பீர்களே என்று. அந்தச் சோறெல்லாம் எனக்கு வீணாகப் போனது. காலியிடம் இல்லை என்று நீங்கள் சொன்னதை அபியிடம் நான் என் வாயால் சொன்னேன். அவள் அன்றைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். உங்கள் பொய்யை நான் சொல்லியிருக்கிறேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இறங்கி வாருங்கள் என்று இனி நான் கேட்கப்போவதில்லை. கேட்டு வந்தால், கேட்டதற்காக வந்தீர்கள் என்று ஆகும்.

வரும் சனிக்கிழமை நான் வருகிறேன். நவுஷாத் அண்ணன் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மலைக்கு வேன் எடுத்துப் போகிறார். அபியும் சாமையும் கூட வருகிறார்கள். சொசைட்டியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாக, ரோடு சரியில்லை, குளியலறை சரியில்லை, பொம்பளைங்க தங்க முடியாது என்றே சொல்லிவந்தீர்கள். நானும் நம்பி ஒரு தரம்கூட வர வேண்டும் என்று சொல்லவில்லை, அது என் தப்பு. வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நீங்கள் இறங்குவதா, நாங்கள் ஏறுவதா, இல்லை இப்படியே அவரவர் இடத்தில் இருந்துவிடுவதா என்று. மூன்றில் எதுவாக இருந்தாலும் நேருக்கு நேர் பேசித்தான் முடிவு. நாயைப் பற்றித் தலைமையாசிரியரிடம் நானே பேசிக்கொள்கிறேன், ஒரு ராத்திரிதானே.

வேன் வந்து நின்றதும் நீங்கள் சாமையைக் கூப்பிட வேண்டாம். உங்களைப் பார்த்ததும் அதற்குப் பழைய நினைப்பு வந்துவிடும். நான் முதலில் மண்ணில் ஓர் இடம் பார்த்து விட்டுவிட்டுத்தான் உள்ளே கூட்டி வருவேன். நாங்கள் வரும்வரை குளியலறையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தரை காய்ந்து கிடக்கட்டும்.

வழி காட்ட யாரையும் ரோட்டுக்கு அனுப்ப வேண்டாம். நான் பார்க்காத வீடுதான், ஆனால் சாமைக்கு வழி தெரியும். அது முன்னால் போகட்டும், பின்னாலேயே நான் வந்துவிடுகிறேன்.

அம்சவள்ளி