டப்பாவில் 3200, திரையில் 1066

ஆக. 5, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். மாட வீதியில் கத்திரிக்காய், தேங்காய். வீட்டுக்கு வந்து மறுபடி எடை போட்டேன். கத்திரிக்காய் ஐம்பது கிராம் குறைவு. என்னை ஏமாற்ற முடியாது.

தி.நகர் ஸ்டூடியோவிலிருந்து கல்யாண விடியோ வந்துவிட்டது. எடிட் செய்து வெள்ளி மதியத்துக்குள் தர வேண்டும். பிடித்தால் மாதாமாதம் வேலை. ஆபீசில் வேலையை விட்டு அனுப்பிவிட்ட பிறகு வந்த ஒரே வாய்ப்பு. சிபாரிசு நஸ்ரின், பழைய ஆபீஸ் தோழி, இப்போது அந்த ஸ்டூடியோவில். "என் பேரக் காப்பாத்துங்கக்கா."

இதற்காகவே கணினிக்குப் புது ரேம், நினைவகச் சில்லு. டப்பாவில் கொட்டை எழுத்தில் வேகம் 3200.

ஆக. 6, புதன்
ரேம் வேகம் காட்டும் செயலியில் பார்த்தால் 1066! மூன்றில் ஒரு பங்கு. கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மேடம், ஒரு துடிப்புக்கு ரெண்டு வாட்டி டேட்டா போவும். அத்த ரெண்டால பெருக்கிக்கோங்க. 2133 வருதா? கரீட்டா கீது."

"அப்போ 3200?"

"அது நீங்களா செட்டிங்ல போட்டுக்கணும். கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒத்துக்கினா ஓடும். இல்லன்னா அப்பப்போ நின்னுபூடும்."

அப்புறம் எதற்கு டப்பாவில் அச்சடிக்கிறார்கள்?

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல்: "நன்னாத்தானே ஓடிண்டிருக்கு. வேலை முடியட்டும், அப்பறம் நோண்டு."

கேட்டேனா? செட்டிங்கில் 3200 போட்டேன். திரையில் இப்போது 1600. பெருக்கினால் 3200. அப்படி ஒரு திருப்தி.

ஆக. 7, வியாழன்
வேகம் கூடியதாகப் பெரிதாகத் தெரியவில்லை. மதியம் ஒரு முறை திரை உறைந்தது. இவரிடம் சொல்லவில்லை.

கல்யாணப் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைக்கும் இடத்தில் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டேன். வெறும் கூட்டத்துச் சத்தம். நன்றாக வந்திருக்கிறது. கை இன்னும் மறக்கவில்லை.

ஆக. 8, வெள்ளி
எடிட் செய்த விடியோவை முழுசாக ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போது நீலத் திரை, கணினி நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி நீலம். அதற்கப்புறம் எடிட் செய்த கோப்பே திறக்கவில்லை. நகல் எடுத்து வைக்கவில்லை. முட்டாள். முட்டாள்.

ஸ்டூடியோவிலிருந்து போன். "சாயந்தரம் தரேன்" என்றேன். எதைத் தர?

ஆக. 9, சனி
நஸ்ரினின் குரல் பதிவு: "வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கக்கா. நான் சொல்லி வெச்ச ஆளுன்னு என்னையும் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க."

கூப்பிட்டால் எடுக்கவில்லை. இவர் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

இந்த வயதில் இன்னொருத்தர் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. தெரியும்.

ஆக. 11, திங்கள்
தூறல். பால் தீர்ந்தது.

2133-க்கே மாற்றிவிட்டு, நேற்றும் இன்றுமாக மொத்தத்தையும் முதலிலிருந்து எடிட் செய்தேன். யார் கேட்டார்கள்? ஒரு இடத்தில்கூட நிற்காமல் முடிந்தது. நஸ்ரினுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், 'ஒரு தடவை பாரேன்' என்று.

ஒற்றை டிக். விளக்கு வைக்கும்போதும் ஒற்றை டிக், போய்ச் சேரவே இல்லை. அவள் படமும் காணோம். பிளாக் செய்துவிட்டாள்.