நண்டு நெபுலாவின் மீதிப் படங்கள்

தொலைநோக்கியைத் திருப்பி வைக்க இன்று அலுமாரியைத் திறந்தேன். வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நீர் உம்முடைய கையால் உள்ளே எரியவிட்ட சின்ன பல்பின் சூட்டு மணம் முகத்தில் அடித்தது. நீர் போனபின் வந்த முதல் மாசி இது. மழை விட்டு வானம் துப்புரவாக இருக்கிறது.

கலியாணம் கட்டிய புதிதில் மொட்டைமாடியில் நின்று என்னோடு சண்டை பிடித்தீர். "உங்கட துறைமுகத்து லைற்தான் என்ர வானத்தைக் கெடுக்குது."

கிரேன் ஓட்டுகிற நான் அதை அணைக்க ஏலுமா? இருட்டான சாம்பல்தீவில் உம்முடைய அக்கா வீட்டு முற்றத்துக்குத் தொலைநோக்கியைக் கொண்டு போனோம்.

என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம், நீர் படம் எடுக்க ஆசைப்பட்ட அந்த நண்டு நெபுலா. முதல் படத்தைக் கமராவில் பார்த்துச் சிரித்துவிட்டேன். "புகைப் பொட்டு மாதிரிக் கிடக்கு. இதுக்கோ இவ்வளவு பாடு?"

"ஒரு படத்தில ஒண்டும் தெரியாது. கனக்க எடுத்து ஒண்டுக்கு மேல ஒண்டாச் சேர்க்க வேணும். அப்பதான் சிவப்பு நரம்பெல்லாம் வரும்."

பாதி எடுப்பதற்குள் பருவம் முடிந்து அது மேற்கே இறங்கிவிட்டது. அடுத்த மாசிக்குப் பார்ப்போம் என்றீர். இடையில் மாரி வந்தது, உமக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து, "மழை விட்டுட்டுதோ?" என்று கேட்டீர்.

"இன்னும் இல்லை."

"பரவாயில்லை. அது அங்கதானே நிக்கும்."

அதற்குப் பிறகு நீர் என்னோடு கதைக்கவில்லை.

போன கிழமை சாம்பல்தீவுக்குத் தனியாகப் போனேன். அக்கா வயரைப் பிடித்துத் தந்தார். "உனக்கு இது தெரியுமோ தம்பி?"

"பக்கத்தில நிண்டு பார்த்தனான் அக்கா."

மீதியை எடுத்து உம்முடையவற்றோடு சேர்த்தேன். மறுநாள் வீட்டில் திரையில் சிவப்பு நரம்புகள் ஒவ்வொன்றாய் வந்தன. "இஞ்ச வாரும், வந்து பாரும்!" என்று குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே கதிரையில் இருந்து அழுதேன்.

கெட்டுப்போன படங்களைக் கணினி தானாகவே ஒதுக்கிவிடும். ஒதுக்கியதில் ஒன்றில் நட்சத்திரங்களெல்லாம் கோடுகோடாய் இழுபட்டிருந்தன. குளிருது என்று என் தோளில் சாய வந்து, தொலைநோக்கியின் முக்காலியில் கால் இடறி, "ஐயோ, ஆட்டிப்போட்டன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீரே, அப்போது கமரா திறந்துதான் இருந்திருக்கிறது.

நெபுலாப் படத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த ஆடிப்போன படம் என் போனில் இருக்கிறது. கிரேனில் ஏறி, முதல் சுமையைத் தூக்குமுன் ஒருதரம் எடுத்துப் பார்க்கிறேன்.