அப்பாவைக் கடல் கொண்டுபோன கதை

1955 பிப்ரவரி 8, செவ்வாய்

கருப்பட்டிச் சிப்பம் இறக்க ஆள் குறைவென்று அப்பா என்னை மண்டியிலேயே நிறுத்திவிட்டார். ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் ஓவியர் குழு கூடிவிட்டது. தலைவர் ஆரண்யன் என் படத்தின் முன்னால் நின்றிருந்தார். வக்கீல் வீட்டுப் பிள்ளை. தெருமுனையில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்து வருவார். வெள்ளி சிகரெட் பெட்டியைத் திறந்தால் உள்ளே பீடி.

"இந்தக் கோட்டில் உப்பு இருக்கிறது" என்றார். அது எங்கள் மண்டிச் சுவரில் காரை பெயர்ந்த இடம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ராயபுரமா? அப்பா கடலுக்குப் போகிறவரா?"

மிளகாய் வற்றல், கருப்பட்டி மொத்த வியாபாரம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பேசாமல் தரையைப் பார்த்தேன். இந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்தால் அது ஆழம். "கடல் கொண்டுபோய்விட்டதா?" என்று அவரே கேட்டார், அவரே கண்ணை மூடிக்கொண்டார். ரோஸ்மேரி மூக்கை உறிஞ்சினாள். சேத்துப்பட்டு பங்களாப் பெண்; காதில் பனையோலைச் சுருள், கழுத்தில் சோழிமாலை.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 9, புதன்

அப்பா காலையில் இருமினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். "என்னல முழிக்க?" என்றார். வற்றல் நெடிதான்.

பிப்ரவரி 12, சனி

இந்த மாதக் கடைசியில் நடக்கும் குழுவின் கண்காட்சியில் நடுச்சுவர் முழுக்க எனக்காம்! ஐந்து படங்கள். "மண்ணின் பிள்ளைக்குத்தான் நடுச்சுவர்" என்றார் ஆரண்யன். தேவப்பிரியம் என்ற பெயர் உதவாதாம். இனி நான் அலைமகன். தாடி வேண்டுமாம், எனக்கு முளைப்பதோ அங்கொன்றும் இங்கொன்றும். அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுக்கும் சட்டையை பஸ்ஸில் கசக்கிக்கொண்டு போகிறேன். ஆரண்யன் தன் புது ஜிப்பாவில் தேநீரைத் தொட்டுத் தொட்டுப் பழசாக்கிக்கொண்டிருந்தார். என் கண்ணால் பார்த்தேன்.

அப்பா போன மாதமே சொல்லிவிட்டார்: "எக்ஸிபிஷன்ல உன் படத்த நாலு பேரு மதிச்சா வரைஞ்சிக்கிட்டே இரி. இல்லைன்னா மண்டியில வந்து உக்காரு." உண்மையைச் சொன்னால் சுவர் போய்விடும். சுவர் போனால் ஆயுசுக்கும் வற்றல் மூட்டைதான். சொல்லாவிட்டால் அப்பா போய்விடு— சீ, என்ன எழுதுகிறேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு

அலைமகனின் கரையைப் பார்க்கக் குழுவே ராயபுரம் வந்துவிட்டது. நல்லவேளை, அப்பா சர்ச் கமிட்டிக்குப் போயிருந்தார். கட்டுமரத்தில் சாய்ந்து துடுப்போடு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அப்போது பார்த்து, எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கும் தாயம்மா வந்துவிட்டாள்.

"இன்னா நைனா, துடுப்ப தலகீயா புட்ச்சிகினு கீறே? உங்கப்பாரு கண்டா சிரிக்கமாட்டாரு?"

உயிரே போய்விட்டது. ஆரண்யனோ கையைக் கட்டிக்கொண்டு, "என்ன ஆதித் தமிழ்! ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எவ்வளவு சோகம்!" என்றார்.

தாயம்மாவை வரைய வேண்டும் என்றார்கள். போனவள் பவுடர் பூசி, பூ வைத்து, கல்யாணப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். ஆரண்யன் முகம் சுருங்கிவிட்டது. கிழிந்த புடவையில் வரச் சொன்னார். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"கியிஞ்சத கட்டிகினு நான் படத்துல குந்தணுமா? உங்க ஆத்தாள குந்த வெய்யி, போ!"

பிப்ரவரி 24, வியாழன்

"எக்ஸிபிஷன் என்னைக்கி?" என்றார் அப்பா. நாளை மறுநாள் என்று சொல்லாமல், அடுத்த மாதம் என்றேன்.

பிப்ரவரி 26, சனி

அப்பா கண்காட்சிக்கே வந்துவிட்டார். பேப்பரில் பார்த்தாராம்.

குளோஸ் கோட்டு, சரிகைக் கரை வேட்டி, கக்கத்தில் குடை. கடைசி வரிசையில் நின்றார். ஆரண்யன் பேசிக்கொண்டிருந்தார்: "இந்த அலைமகனின் தந்தையைக் கடல் விழுங்கியது. அந்தக் கடலைத்தான் இவன் வரைகிறான்." கைதட்டினார்கள். அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். கத்துவார், குடையால் அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்!

கூட்டம் முடிந்ததும் பெரிய மனிதர் என்று ஆரண்யன் அவரிடமே போனார். அப்பாவின் கோட்டில் அடித்த வற்றல் நெடிக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டு, ஊரை விசாரித்துக்கொண்டு, "ராயபுரமா? அலைமகனின் அப்பாவைத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும். ரொம்ப நாள் பழக்கம்" என்றார் அப்பா. "நல்ல மனுசன். மவன்னா உசிரு அவருக்கு. பய படம் போடுதான்னு பாக்குதவங்கிட்டயெல்லாம் சொல்லுவாரு."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் சுவரோரமாகவே நின்றேன். கூப்பிடவில்லை. அப்பா என்று ஒரு சத்தம் போட முடியவில்லை என்னால். நான் என்ன பிறவி?

பிப்ரவரி 27, ஞாயிறு

அப்பா என்னிடம் பேசவில்லை. குடும்ப ஜெபத்தில் வழக்கம்போல் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்தார். என் பெயரையும் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 28, திங்கள்

ஆரண்யனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். என் அப்பா உயிரோடு இருக்கிறார், வற்றல் மண்டி வைத்திருக்கிறார், சனிக்கிழமை உங்களோடு பேசினாரே அவர்தான். ஆரண்யன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். "உன் கோட்டில் உப்பு குறைவாக இருக்கிறதே என்று அப்போதே நினைத்தேன்" என்றார். ஐந்து படங்களையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 7, திங்கள்

மண்டிக்கு வந்து ஒரு வாரமாகிறது. படங்களை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இன்று காலை வந்து பார்த்தால், காரை பெயர்ந்த அந்த மண்டிச் சுவர்ப் படம் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. மண்டிச் சாவி அப்பாவிடம்தான் இருக்கும்.

பத்து மணி சுமாருக்கு விருதுநகர் வியாபாரி ஒருவர் அண்ணாந்து பார்த்து, "படம் ஜோரா இருக்கே, யாரு போட்டது?" என்றார்.

"அலைமகன்னு ஒரு பய" என்றார் அப்பா, எடைக்கல்லை மாற்றிக்கொண்டே. "அப்பன் இல்லாதவன்."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "நான்தான் போட்டேன். இவர் என் அப்பா" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். வியாபாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா நிமிரவில்லை. "செத்தவங்கிட்ட என்னல பேச்சு? மூட்டையத் தூக்கு" என்றார்.

சனிக்கிழமை கண்காட்சிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. தூக்கினேன்.