பின்சீட்டுக்காரன்

மார்ச் 2, 2014, ஞாயிறு

காலையிலிருந்து மழை. காரை எடுத்துக்கொண்டு ஆல்ஸ்டன் போய் அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மெரூன் நிறம், 2006 மாடல், கார்புரேட்டர் வண்டி. என் மனைவி லோர்னாவுடையதும் அதே மாடல், அதே வருடம், அதே நிறம். அவளுடையதில் டாங்கின் இடப்பக்கம் ஒரு கீறல் இருக்கும். இதில் இல்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

விற்பவர் பெயர் ரேமண்ட். கல்குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு வண்டியில் காலைத் தூக்கிப் போட முடியவில்லையாம். பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, பட்டனை அழுத்தினார். மூன்றாவது முறையில் பிடித்தது. "கொஞ்சம் சூடாகட்டும்" என்றார். சூடாகி முடியும்வரை எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 4

ரயில் நிலையத்தில், என் டிக்கெட் கவுண்டரில், இன்று கார்லைல் கேட்டவருக்கு லான்கஸ்டர் டிக்கெட் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டும்வரை எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 8, சனி

எழுதினால் தெளிகிறதா பார்ப்போம்.

இருபத்திரண்டு வருடம் நான் லோர்னாவின் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அவள்தான் ஓட்டுவாள். அவள்தான் கழற்றுவாள், துடைப்பாள், மாட்டுவாள். பப்பில் என்னைப் பார்த்தால், "டிரைவரம்மா எங்க, கிளைவ்?" என்பார்கள். எனக்கு அதில் கூச்சம் இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வண்டியைச் சந்துக்கு இறக்கி, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வாள். சூடாக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் கையுறையை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்தபடி, வீட்டுக்குள் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லிவிடுவாள். எங்களுக்குக் குழந்தை பிறக்காது என்பதை அங்கேதான் சொன்னாள். அப்போது வேறு வண்டி, ஆனால் அதே சந்து. கடைசி வருடம், "டாக்டர் சொன்னத நேத்தே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்று ஆரம்பித்ததும் அங்கேதான். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். அன்று அவள் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டே போனேன்.

2011-இல் அவள் போன மறுமாதமே வண்டியை விற்றேன். ஷெட்டின் கதவைத் திறக்கவே முடியவில்லை என்னால். வந்த முதல் ஆளிடம் சாவியைக் கொடுத்தேன். போன இலையுதிர்காலத்தில் தேடிப் பார்த்தேன். அவன் இன்னொருவனுக்கு விற்றிருக்கிறான், அந்த இன்னொருவன் அயர்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டானாம். அதோடு தடம் போயிற்று.

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் போன மாதம்தான் கிடைத்தது. ஐம்பத்தாறு வயதில். எதற்கு எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 15, சனி

கார்லைலில் ஒரு கடை. அதே வண்டியின் 2010 மாடல். கார்புரேட்டர் கிடையாது, ஃப்யூயல் இன்ஜெக்ஷன். பட்டனை அழுத்தினேன், பிடித்துக்கொண்டது. சோக் இல்லை, குழாய் இல்லை, காத்திருப்பது இல்லை. அப்படியே கிளம்பலாம் என்றாள் கடைக்காரப் பெண். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன்.

கார்புரேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் கார்புரேட்டர் மாதிரியே ஒன்று இருந்தது. வெளியே பழைய வடிவம், உள்ளே இன்ஜெக்ஷன். பழைய வண்டியைப் பிடித்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஆனால் மலைக்கு மேலே குளிரில் ஒரு முறைகூட மக்கர் பண்ணாது என்று அந்தப் பெண் சொன்னதை மட்டும் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி ஆல்ஸ்டன். ரேமண்ட் வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நெண்ட்ஹெட் வரை போனேன். என்ன மென்மை! ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் திருப்பும்போது வெண்ணெய் மாதிரி இழுக்கிறது. கார்லைல் வண்டி அந்த வேகத்தில் லேசாக வெட்டி வெட்டி இழுத்தது.

திரும்பும்போது சர்ச் முனையில் அணைந்துவிட்டது. சோக்கை இழுத்தேன், தள்ளினேன், மறுபடி இழுத்தேன். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. அரை மைல் தள்ளிக்கொண்டு வந்தேன். ரேமண்ட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் சூடா இருக்கறப்ப சோக்க இழுத்தா மூச்சு முட்டாம என்ன செய்யும்? ஒரு தடவையாவது கார்புரேட்டரக் கழட்டியிருக்கீங்களா?"

"டார்ச் பிடிச்சிருக்கேன்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்றாவது முறை. "இன்னொரு தடவை வந்தீங்கன்னா டீக்குக் காசு வாங்குவேன்" என்றார் ரேமண்ட். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, இது யாருடைய வண்டி மாதிரி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். இரண்டு நிமிடத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

அவர் வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "விலைய எல்லாம் குறைக்க மாட்டேன். ஆனா ஈஸ்டர் வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார்.

வாங்கிவிடுவேன். இன்று அப்படித்தான் தோன்றுகிறது. கார்புரேட்டர் கழற்ற ஒரு புத்தகம் வாங்கினால் ஆயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

பெரில் வீட்டில் மதியச் சாப்பாடு. லோர்னாவின் தங்கை, பென்ரித்தில் சலூன் வைத்திருக்கிறாள். ஆட்டுக்கறி ரோஸ்ட். வண்டியைப் பற்றிச் சொன்னேன். பழைய மாடல்தான், அக்காவுடையது மாதிரியே, கார்புரேட்டர் என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கு அந்தக் கார்புரேட்டரே ஆகாது, கிளைவ்."

எனக்குப் புரியவில்லை.

"குளிர்ல நின்னு அத இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்றது, ஒவ்வொரு வசந்தத்துலயும் கழட்டிச் சுத்தம் பண்றது, எல்லாத்தையும் திட்டுவா. 2008-ல இன்ஜெக்ஷன் மாடல் வந்த உடனேயே மாத்தணும்னு சொல்லிட்டுத் திரிஞ்சா. புது மாடலோட விளம்பரப் புத்தகம்கூட வாங்கிட்டு வந்தா, என் கடையில உக்காந்துதான் புரட்டிட்டு இருந்தா."

பிறகு ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

"நீதான் பழசு சூடாகிற சத்தம் பிடிக்கும்னு சொன்னியாமே. கிளைவுக்குப் பிடிச்சிருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னா."

சாப்பிட்டேன். புட்டிங்கும் சாப்பிட்டேன். என்ன புட்டிங் என்று கேட்டால் தெரியாது.

மூணு வருஷம். எனக்காகவா நின்ன அந்தக் குளிர்ல? ஏன் சொல்லல லோர்னா? குழந்த இல்லன்னு சொல்லத் தெரிஞ்சுது, சாகப்போறேன்னு சொல்லத் தெரிஞ்சுது, இது பிடிக்கலன்னு சொல்ல முடியலையா உனக்கு?

அந்தச் சத்தம் பிடிக்கும் என்று நான் சொன்னது எப்போது? ஞாபகமே இல்லை. சத்தத்துக்காகவா சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 14

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

ரேமண்டிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று போனேன். வண்டி வேண்டாம், கார்லைலில் இருப்பதை எடுக்கப்போகிறேன் என்றேன். காரணம் கேட்கவில்லை.

"பொழச்சேன். இல்லன்னா மாசாமாசம் நான்தான் மலை இறங்கி வந்து உங்களுக்குக் கழட்டி மாட்டணும்" என்றார்.

ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டுவாரா என்று கேட்டேன். செய்தார். சோக்கில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். அவர் வீட்டு அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

நான் நின்றேன். எஞ்சின் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

நானே அணைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 26, சனி

2010 மாடல் வீட்டுக்கு வந்துவிட்டது. சந்தில் இறக்கி பட்டனை அழுத்தினேன். உடனே பிடித்தது. பழக்கத்தில் கொஞ்சம் நின்றேன். கிளம்பினேன்.

ஜூன் 8

மெதுவாகப் போனால் வெட்டுவது இன்னும் இருக்கிறது. கிளட்சைப் பாதி பிடித்தால் சரியாகிறது. பழகுகிறேன். தனியாக ஹார்ட்சைடு உச்சி வரை போனேன். நானும் லோர்னாவும் எப்போதும் நிற்கும் டீக்கடையில் அவர்கள் கேட்கும் முன்பே இரண்டு டீ சொல்லிவிட்டேன். இரண்டையும் குடித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெரில் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். சலூனுக்கு வரும் யாரிடமோ இரவல் வாங்கியதாம்.

"பின்சீட்டு உன் சொத்துன்னு அக்கா என்னைய ஒரு தடவைகூட ஏத்தினதில்ல. இப்பக் காலியாத்தானே இருக்கு?"

ஆல்ஸ்டன் வரை போய்வந்தோம். நான் யாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியதில்லை. மலை ஏறும்போது வண்டியின் முன்பக்கம் லேசாகிவிடுகிறது. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்தால் பெரில் முழுக்க என் முதுகின் மேல் வந்து விழுகிறாள். ஹெல்மெட் ஹெல்மெட்டில் இடிக்கிறது. இரண்டு பேருடைய கனமும் என் இரண்டு கைகளில்தான் இறங்கியது. அவள் பார்க்கிற ஆட்டையெல்லாம் கை நீட்டிக் காட்டினாள், வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. சும்மா உட்கார் என்று கத்தவேண்டியிருந்தது.

பெரிலைவிட நான் முப்பது கிலோவாவது கூட இருப்பேன்.

வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டு இரண்டும் வலியில் தெறித்தது. சிங்க்கின் அருகே நின்று தேய்த்துக்கொண்டிருந்தேன். லோர்னாவும் வந்ததும் இதே இடத்தில்தான் நிற்பாள், இப்படித்தான் தேய்ப்பாள், ஒவ்வொரு ஞாயிறும்.

கை குளிர்கிறது என்று நினைத்து நான் டீ போடுவேன்.