பவிலியன் சுவரைப் பூசக்கூடாது

யாழ்ப்பாணம்
2025 மாசி 18

அன்புள்ள யாகப்பு அண்ணைக்கு,

உங்கடை தங்கச்சி பெர்னடெட் எழுதுறன். மாதாவின்ரை புண்ணியத்தாலை நானும் மகள் கிறிஸ்ரினாவும் பேத்தி ஷெரோனும் இஞ்சை சுகமாய் இருக்கிறம். உங்கடை சுகத்தைக் கேக்கத் தேவையில்லை. பாரிஸ் லாச்சப்பலிலை நீங்கள் மைக் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம் கிழமைக்கொருக்கால் என்ரை போனுக்கு வருது. கோட்டு நல்ல வடிவு.

போன் இருக்கேக்கை என்னத்துக்குக் கடிதம் எண்டு யோசிப்பியள். என்ரை மனிசன் செபமாலையின்ரை கதையை நான் எடுத்த உடனை உங்கடை பக்கத்துச் சிக்னல் போயிடுது. கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. இன்னொண்டு, உங்கடை பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அத்தை என்ன எழுதியிருக்கிறா எண்டு அதுகள் கேட்டால் நீங்கள்தான் உங்கடை வாயாலை வாசிச்சுச் சொல்லவேணும். அதுக்காகத்தான் பேனை எடுத்தனான்.

நீங்கள் கேட்ட கையெழுத்து விசயத்துக்கு வாறன். எங்கடை உதைபந்தாட்டக் கழக மைதானத்துப் பழைய பவிலியனை இடிக்கவிடக்கூடாது, பாதுகாக்கவேணும் எண்டு பாரிசிலை குழு போட்டிருக்கிறியளாம். தலைவரும் நீங்கள்தானாம். வெள்ளைக்காரன் காலத்திலை பிரெஞ்சுச் சுவாமியார் முன்னுக்கு நிண்டு கட்டுவிச்சது, எங்கடை ஆக்கள் கடல்தொழிலுக்குப் போய் வரேக்கை வள்ளத்திலை முருகைக்கல்லு ஏத்திக்கொண்டு வந்து குடுத்தது, ஷெல் விழுந்தும் சரியாத கட்டடம் எண்டெல்லாம் யூரியூப்பிலை சொன்னியள். நானும் பாத்தனான். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் பவிலியன் நிக்கிற நிலமும் அதுக்குப் பின்னாலை கிடக்கிற துண்டும் அம்மாவின்ரை வழிக் காணி. எனக்குச் சீதனமாய் உறுதி முடிச்சுத் தந்தது. கழகத்துக்கு வாய்ச்சொல்லிலைதான் விட்டிருக்கு. பாதுகாக்கிற கட்டடமாய்ப் பதியிறதெண்டால் காணிக்காறி ஒப்பம் வைக்கவேணும் எண்டு தொல்பொருள் கந்தோரிலை சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகுதான் உங்களுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறது ஞாபகம் வந்திருக்கு.

ஊருக்குள்ளை ரெண்டு பக்கமாய்க் கதை நடக்குது. பெடியளுக்கு அதை இடிச்சுப்போட்டு, கதிரை பூட்டி லைற் போட்ட புது மேடை வேணுமாம். உங்கடை சொல்லுக்கேக்கிற செயலாளர் ஜெயசுதன், பரம்பரைச் சொத்து, தொடக்கூடாது எண்டு நிக்கிறான். எங்கடை ஷெரோன் இப்ப பெண்பிள்ளையள் அணியிலை விளையாடுறாள். அதுகள் உடுப்பு மாத்திறதுக்குப் பவிலியனுக்குப் பின்னாலை ஒரு சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற சீரழிவு. கக்கூஸ் இல்லாத பரம்பரை எனக்கு வேண்டாம் அண்ணை எண்டு அவள் ஜெயசுதனுக்கு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டாள். வாய் என்னைப் போலை.

உண்மையைச் சொல்லுறன், முதல் நான் ஒப்பம் வைக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான். ஜேசிபி வந்து அதைக் கவிழ்க்கேக்கை, வீட்டிலையிருந்து ஒரு கதிரை கொண்டுபோய்ப் போட்டு, குடையும் பிடிச்சுக்கொண்டு கடைசிக் கல்லு லொறியிலை ஏறுமட்டும் இருந்து பாக்கவேணும் எண்டு ஆசைப்பட்டனான். ஏன் எண்டு உங்களுக்கு விளங்கும். விளங்காத மாதிரி இருப்பியள் எண்டபடியாலை எழுதுறன்.

செபமாலை எங்கடை ஊருக்கு மாப்பிள்ளையாய் வந்த மனிசன். நல்ல கோல்கீப்பர். நீங்கள்தான் கப்டன், நீங்கள்தான் மச்சானைக் கழகத்திலை சேத்தது. அந்த வரியம் கோயில் பெருநாள் கிண்ணத்துக்கு இறுதி ஆட்டம் செபமாலையின்ரை பிறந்த ஊரோடை வந்து அமைஞ்சது. ஆட்டம் முடியப்போற நேரம் அவையள் அடிச்ச பந்து இவற்றை கைக்கு நேராய் வந்தது. குறுக்கை நிண்ட நீங்கள் காலை நீட்டினியள். பந்து உங்கடை சப்பாத்திலை பட்டு மற்றப் பக்கத்தாலை உள்ளுக்குப் போயிட்டுது. பவிலியனிலை இருந்த சனத்துக்கு உங்கடை முதுகுதான் தெரிஞ்சது. செபமாலை ஒரு பக்கம் விழ, பந்து மற்றப் பக்கத்தாலை போனதைத்தான் அவை கண்டவை.

பிறந்த ஊர் இரத்தம் இழுத்துப்போட்டுது எண்டு ஆரோ ஒருத்தன் கத்தினான். அதோடை ஊர் முழுக்க அதுதான் கதை. கழகக் கூட்டத்திலை உங்களைத்தான் கேட்டவை. நீங்கள், நான் திரும்பிப் பாக்கேல்லை, எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டியள். கழகத்துக்கு ஆடின எல்லாரின்ரை பேரும் பவிலியன் உள்சுவரிலை சாந்தாலை பதிச்சிருக்கெல்லே. அதிலை உங்கடை பேருக்குக் கீழை இருந்த அவற்றை பேரை உளியாலை கொத்தி எடுத்தவை. நீங்கள் பக்கத்திலைதான் நிண்டனீங்கள்.

அதுக்குப் பிறகு அந்த மனிசனைத் தங்கடை வள்ளத்திலை ஏத்த ஒருத்தரும் இல்லை. கடலிலையும் விட்டுக்குடுத்துப்போடுவான் எண்டு நக்கல் அடிச்சினம். அவற்றை பிறந்த ஊர்ப் பெடியள் இன்னும் மோசம். மீன் சந்தைக்குள்ளை அவரை மறிச்சு, வெல்ல வைச்சதுக்கு நன்றி எண்டு மாலை போட்டவங்கள். மாலையைக் கழட்டிக் கையிலை பிடிச்சபடி வீட்டை வந்து, எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் வாசல் முத்தத்திலை நிண்டார். அண்டைக்குப் பிறகு மைதானத்து றோட்டாலை அவர் போனதே இல்லை. கோயிலுக்குப் போறதெண்டாலும் ஐஸ் பக்ரறி ஒழுங்கையாலை சுத்தித்தான் போவார்.

நீங்கள் பிரான்சுக்கு வெளிக்கிடுறதுக்கு முதல் எங்கடை வீட்டை வந்தனீங்கள். மச்சான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, என்ரை காலிலை பட்டுத்தான் போனது, சொல்லப் பயமாய்ப் போச்சு எண்டு குழறினீங்கள். நான் அடுப்படியிலை தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டனான். ஒரு சொல்லு விடாமல் கேட்டனான். போறவன் நிம்மதியாய்ப் போகட்டும் எண்டு அவர் உங்களுக்குத் தண்ணி குடுத்து அனுப்பினார். பிறகு என்னட்டைச் சத்தியம் வாங்கினார், தான் கண் மூடுமட்டும் நான் இதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது, உன்ரை வீட்டு மானம் எண்டார். நான் காப்பாத்தினன். அவர் நல்ல மனிசன் அண்ணை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

போன ஐப்பசியிலை அவர் கண் மூடினார். வழமை உங்களுக்குத் தெரியும். கழகத்துக்கு ஆடினவன் செத்தால் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோக முதல் மைதானத்துக்குள்ளை கொண்டுவந்து நடுவிலை இறக்கி, மேலை கழகத்து ஜேர்சியை விரிச்சு, விசில் ஊதித்தான் தூக்கிறது. தண்ணியடிச்சு விழுந்து செத்தவனுக்கும் செய்திருக்கு. கிறிஸ்ரினா போய்க் கேக்க, பேர் வெட்டுப்பட்ட ஆள், போஷகரைக் கேக்கவேணும் எண்டு ஜெயசுதன் பாரிசுக்குப் போன் எடுத்தவன். கழகத்துக்குக் காசு அனுப்பிற போஷகர் நீங்கள். பழைய முடிவை நாங்கள் மாத்தேலாது, வழமையை வழமையாய் விடுங்கோ எண்டு நீங்கள் சொன்னதை அவன் ஸ்பீக்கரிலை போட்டவன். என்ரை பிள்ளையும் கேட்டவள்.

எண்டாலும் பெட்டியைக் கொண்டு போக, மைதானத்துக் கேற் பூட்டின பூட்டாய்க் கிடந்தது. மழை தூறுது. தூக்கினவை கொஞ்ச நேரம் பெட்டியோடை வெளியிலை நிண்டு பாத்திட்டு, ஐஸ் பக்ரறி ஒழுங்கையாலை திருப்பினவை. உயிரோடை இருக்கேக்கை சுத்திப் போன மனிசன் செத்தும் சுத்தித்தான் போனார். அந்த நேரம் நான் அழேல்லை. உங்களை நினைச்சுப் பல்லைக் கடிச்சனான்.

உங்கடை மலர்வளையமும் வந்தது. எல்லாத்திலும் பெரிசு. மைத்துனர் யாகப்பு, பிரான்ஸ் எண்டு தங்க எழுத்திலை றிபன். சேமக்காலைக் குழியடிக்கு அதைக் கொண்டுபோக நான் விடேல்லை. வீட்டை கொண்டுவந்து ஆட்டுக்குப் போட்டனான். ஆடு பூவைத் திண்டிட்டு உங்கடை பேரை மட்டும் விட்டுவைச்சது.

இனிக் கையெழுத்துக் கதை. தை மாதம் கந்தோர் ஆக்களோடை கொக்குவிலிலையிருந்து வித்தியா எண்டு ஒரு பிள்ளை வந்தவ. பழைய கட்டடங்களைப் பற்றிப் படிச்ச பிள்ளை. காணிக்காறி எண்டு என்னையும் கூப்பிட்டினம். கலியாணம் கட்டின காலத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நான் அந்தப் பவிலியனுக்குள்ளை காலை வைச்சனான். அந்தப் பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டே வந்து, கொத்தின இடத்திலை நிண்டு, இது என்ன எண்டு கேட்டுது. ஜெயசுதன் அந்தரப்பட்டு, அது ஒண்டுமில்லை மிஸ், சுவர் முழுக்கச் சாந்து பூசி வெள்ளையடிச்சு, மேலை பேரெல்லாம் மாபிளிலை புதுசாய் வெட்டிப் பதிக்கப்போறம், பாரிஸ் குழு அனுப்புது எண்டான். முதல் பேர் ஆற்றை எண்டு நான் கேக்கேல்லை.

அந்தப் பிள்ளைக்குக் கோபம் வந்திட்டுது. அப்பிடிச் செய்தால் அது பாதுகாக்கிறது இல்லை, புதுக் கட்டடம் கட்டுறது எண்டு சொல்லிச்சுது. கட்டடத்துக்கு நடந்தது எல்லாம் அதிலை இருக்கவேணுமாம். ஷெல் பட்ட ஓட்டையும் இருக்கவேணும், கொத்தின காயமும் இருக்கவேணும், வடிவான பக்கத்தை மட்டும் வைச்சிருக்கிறதுக்கு என்னத்துக்குப் பாதுகாப்பு எண்டு கேட்டுது.

எனக்கு அந்த நேரம்தான் மண்டைக்குள்ளை வெளிச்சது. இடிச்சால் ஆருக்கு லாபம்? அந்தக் கொத்தின இடமும் தூளாய்ப் போயிடும். நீங்கள் யூரியூப்பிலை ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிட்டு நிம்மதியாய்ப் படுப்பியள். நான் என்ரை கையாலை உங்களுக்கு அந்த நிம்மதியைத் தரமாட்டன். அது நிக்கவேணும் அண்ணை. நீங்களும் நானும் போனபிறகும் நிக்கவேணும்.

அதாலை ஒப்பம் வைச்சிட்டன். போன வெள்ளிக்கிழமை நொத்தாரிசைப் பிடிச்சு மூண்டு நிபந்தனை எழுதுவிச்சு வைச்சிருக்கிறன். பின்துண்டிலை பிள்ளையளுக்கு உடுப்பு மாத்த அறையும் கக்கூசும் கட்டவேணும். அந்தச் சுவரை ஒருநாளும் பூசக்கூடாது, வெள்ளையடிக்கக்கூடாது. கொத்தின இடத்துக்குப் பக்கத்திலை, இஞ்சை என்ன நடந்தது எண்டு சொல்லுற பலகை ஒண்டு வைக்கவேணும். அறை கட்டுற கதையைக் கேட்டு ஷெரோன் என்னைத் தூக்கிச் சுத்தினாள். உங்கடை மாபிளுக்கு அதிலை இடம் இல்லை. திருப்பிக் குடுக்கேலுமோ எண்டு கடையிலை கேட்டுப் பாருங்கோ.

பலகையிலை என்ன எழுதுறது எண்டு வித்தியா கேட்டவ. நடந்ததைக் கண்டு சாட்சி சொல்ல ஆரும் உயிரோடை இருக்கினமோ எண்டும் கேட்டவ. ஓம், கப்டன் இருக்கிறார், பிரான்சிலை இருக்கிறார், வந்து தன்ரை வாயாலை சொல்லுவார், அதுவரைக்கும் பலகையை வெறுமையாய் விடுங்கோ பிள்ளை எண்டு சொன்னன்.

ஆடியிலை பெருநாளோடை திறப்பு விழா. பிரதம விருந்தினராய் உங்களைக் கூப்பிடுறதெண்டு கழகம் முடிவெடுத்திருக்கு. நான்தான் உங்கடை பேரைச் சொன்னனான், எல்லாரும் கை தட்டினவை. றிபன் வெட்ட முதல் உங்களிட்டை மைக் தருவினம். பாரிசிலை பிடிக்கிற மாதிரி நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டு, அண்டைக்குக் கூட்டத்திலை சொல்லாததைச் சொல்லுங்கோ. சொன்னால் பின்னேரம் எங்கடை வீட்டிலை சாப்பாடு. கணவாய்க் கறியும் ஒடியல் கூழும் வைப்பன். மன்னிப்பன் எண்டு சொல்லேல்லை. சாப்பாடு போடுவன்.

வேறை ஏதும் கதைச்சுச் சமாளிக்கப் பாத்தால் நான் முன்வரிசையிலைதான் இருப்பன். எழும்பி மைக்கை வாங்க எனக்கு வெக்கம் இல்லை. சத்தியம் அவர் கண் மூடுமட்டும்தான். வராமல் விட்டாலும் பரவாயில்லை. என்ரை வீட்டிலையிருந்து மைதானம் நடை தூரம்தான். வெறும் பலகையைப் பாத்திட்டு என்ன எண்டு கேட்டு வாற ஒவ்வொருத்தருக்கும் மைதானத்துக் கேற்றடியிலை நிண்டு சொல்லுவன். யூரியூப்காறர் வந்தாலும் சொல்லுவன். அது உங்கடை பிள்ளையளுக்கும் விளங்கிற மாதிரிக் கீழை பிரெஞ்சிலை எழுத்து ஓடும் எண்டு ஷெரோன் சொல்லுறாள்.

உங்களுக்கு நெஞ்சிலை குழாய் வைச்சிருக்கெண்டு மச்சாள் நத்தார் வாழ்த்துச் சொல்லிக் கதைக்கேக்கை சொன்னவ. அண்டையிலையிருந்து காலமைப் பூசையிலை முதல் மெழுகுதிரி உங்களுக்குத்தான். குளிருக்கை வெளிக்கிடாதேங்கோ. உப்பைக் குறையுங்கோ. மருந்தை ஒருநாளும் விடாதேங்கோ. படியிலை ஏறேக்கை கைபிடிச்சு ஏறுங்கோ. உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது எண்டு அந்தோனியாரிட்டை நான் அழுது மண்டாடுறது மாதிரி உங்கடை பெண்சாதிகூட மண்டாடியிருக்கமாட்டா. வந்து, அந்தச் சுவருக்கு முன்னாலை நிண்டு, என்ரை மனிசன்ரை பேரை நீங்கள் சொல்லி முடிக்குமட்டும் ஆண்டவர் உங்களைப் பத்திரமாய் வைச்சிருக்கவேணும்.

அதுக்குப் பிறகு ஆண்டவரின்ரை சித்தம்.

இப்படிக்கு,
உங்கடை ஒரே தங்கச்சி,
செபமாலை பெர்னடெட்