விட்டத்தில் ஓர் எண்

மார்ச் 3, செவ்வாய்

எண் வந்துவிட்டது! கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடிக் காலை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். நாத்தனார் போன் செய்தாள். பேருந்தை டிப்போவில் விட்ட கையோடு படகுப் பதிவு அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள்.

"அண்ணி, நம்ம படகுக்கு நம்பர் குடுத்துட்டாங்க! இனிமே அதுவும் ஊர்ல ஒரு ஆளு!"

நான் சிரித்த சிரிப்பில் வாடிக்கையாளர் தன் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார்.

ஒரே ஒரு வேலை பாக்கி. அந்த எண்ணைப் படகுக்குள் நிரந்தரமாகப் பதிக்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் பாய் விரிக்கலாம். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் படகுத்துறையில் நம் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மார்ச் 5, வியாழன்

எங்கே பதிப்பது? நானும் அவளும் சாயங்காலம் முழுக்கப் படகுக்குள் தவழ்ந்தோம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். அவள் அடுப்பு மேடைக்கு மேலே என்றாள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு. நான் படுக்கைக்கு அடியில் என்றேன். "அங்க எழுதினா எலிதான் படிக்கும் அண்ணி." கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டுமாம். கடைசியில், படியிறங்கியதும் எதிரே நிற்கும் தேக்குத் தடுப்புப் பலகை என்று முடிவாயிற்று.

யார் வெட்டுவது? இரண்டு பேர் மனதிலும் ஒரே ஆள்தான்.

இந்த ஊரில் பாதி வாசல்களில் இருக்கும் பெயர்ப்பலகைகள் என் வீட்டுக்காரர் செதுக்கியவை. ஆனால் தண்ணீர் என்றால் அவருக்கு ஆகாது. வாளியை விட ஆழமான எதையும் நம்பமாட்டார். படகு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. துறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பேச்சு வந்தால் "உங்க தொட்டி" என்பார். அதோடு சரி.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் மூளையே மூளை! பலகையைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பலகையை விரலால் தடவிப் பார்த்தார். "என்ன நம்பர்?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானத்துக்குள் முடிந்தது. என்ன அழகு! அந்த எட்டின் இடுப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமை. இந்த மனிதரை மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் போலிருந்தது. சொன்னேன். "போ, போய் வேலையப் பாரு" என்றார். காது சிவந்திருந்தது.

மார்ச் 11, புதன்

ஆய்வாளர் வந்தார். பலகையைப் பார்த்து "பிரமாதம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். நாலு திருகு. பலகை அவர் கக்கத்தில்.

"ஏம்மா, இத நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா படகு என் பின்னாடியே வருமா?"

கழற்ற முடிகிற எதிலும் கூடாதாம். படகின் எலும்பில் இருக்க வேண்டுமாம். அழிக்கப் பார்த்தால் காயம் தெரிய வேண்டுமாம். கூரையைத் தாங்குகிற பெரிய விட்டத்தைத் தட்டிக் காட்டினார். "இது." சனிக்கிழமை மறுபடி வருகிறார். அதற்குப் பிறகு மாதக் கடைசி வரை விடுப்பு.

அவர் போனதும் நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். நானும் தொற்றிக்கொண்டேன். விக்கல் வரும்வரை சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது — விட்டத்தைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே.

மார்ச் 12, வியாழன்

சொன்னேன். "வேற ஆளப் பாரு" என்றார் வீட்டுக்காரர். சரி என்றேன்.

சரியாம், சரி! என்ன சரி? எவனோ வந்து கோணல்மாணலா கீறிட்டுப் போவான், அத நான் ஆயுசுக்கும் அண்ணாந்து பாத்துட்டுப் படுத்திருக்கணுமா? திரும்பவும் பட்டறைக்குப் போனேன். "எனக்கு உங்க கைதான் வேணும். இல்லேன்னா அது கரையிலயே கெடக்கட்டும்."

உளியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. தலை நிமிராமலே சொன்னார்: "பயமா இருக்கு. பயந்தா கை நடுங்கும். நடுங்கின கையால வெட்டினா அப்புறம் அழிக்கவும் முடியாது."

பயம் என்ற சொல்லை அவர் வாயால் இன்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் ஆளைக் காணோம். உளிப் பையையும் காணோம்.

நானும் நாத்தனாரும் துறைக்கு ஓடினால் — அங்கே உட்கார்ந்திருக்கிறார்! சட்டைக்கு மேலே புத்தம்புது மிதவைச் சட்டை, விலைச்சீட்டோடு. நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, நீ இன்னும் கரையிலதான் இருக்க!"

"தெரியும்."

ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். படகேறும் பலகையில் பாதி வழி வந்ததும் நின்றுவிட்டார். அவள் உடனே பேருந்துக் குரலை எடுத்தாள்: "உள்ள போங்க, உள்ள போங்க, படிக்கட்டுல நிக்காதீங்க!" அவர் சிரித்த நேரத்தில் கால் உள்ளே வந்துவிட்டது.

படுக்கையில் மல்லாந்து படுத்து வெட்டினார். கண்ணில் மரத்தூள் விழாமல் இருக்க நான் கடைக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். இரண்டாவது எண்ணில் இருக்கும்போது ஒரு விசைப்படகு போயிற்று. எல்லாம் ஆடியது. உளி நின்றது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது. போச்சு, எழுந்து ஓடப்போகிறார் என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். "ஆடட்டும். ஆடி முடிக்கட்டும்." பிறகு மறுபடி உளியைத் தட்டும் கொட்டாப்புளிச் சத்தம்.

முடித்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "மூணு சாஞ்சிருச்சு."

"பாய்மரப் படகுல சாயாம இருக்குமா அண்ணா?"

சிரித்தார். படகுக்குள், படுத்தபடியே, வயிறு குலுங்க.

மார்ச் 14, சனி

ஆய்வாளர் தட்டினார், நெம்பினார், கட்டைவிரலால் அழுத்தினார். "இத எடுக்கணும்னா படகையே ஒடைக்கணும்" என்று கையெழுத்துப் போட்டார். "அந்த மூணு மட்டும் கொஞ்சம்..."

"தெரியும்!" என்றோம் மூன்று பேரும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுத்து கோணினால் காரணம் காற்று. கரை ஒரு கோடாகிவிட்டது. நாத்தனார் சுக்கானைப் பிடித்திருக்கிறாள். முன்னால் ஒருவர் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உரக்கப் பாடுகிறார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. நிறுத்தச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.